ஒரு தரம், இரண்டு தரம்

ஏல விளம்பரங்களை ஓர் இலக்கிய வகையாக எடுத்துக்கொண்டு தமிழில் யாரும் விமரிசனம் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. எழுதலாம், எழுத வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. கடந்த மூன்று மாதங்களில் அப்படிப்பட்ட விளம்பரங்களை நானூறு ஐந்நூறாவது படித்திருப்பேன். அதே காலத்தில் வந்த நாவல்களில் நாலைத்தான் என்னால் படித்து முடிக்க முடிந்தது. படித்த அளவை வைத்துப் பார்த்தால், நாவலைவிட இவற்றைப் பற்றி அபிப்பிராயம் சொல்லத்தான் எனக்கு அதிக அருகதை.

வீடு, நிலம், அடகில் மூழ்கிய நகை இவற்றின் ஏலத்தை நான் சொல்லவில்லை. பெயர்களை ஏலம் விடுகிறார்கள். இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறக்க நாம் தட்டுகிற விலாசம் இருக்கிறதே, டாட் காம் என்றோ டாட் இன் என்றோ முடிகிறதே, அதற்கு டொமைன் பெயர் என்று சொல்கிறார்கள். ஒரு பெயர் உலகம் முழுவதற்கும் ஒன்றுதான் இருக்க முடியும். தமிழ்நாட்டில் இரண்டு திருப்பத்தூர் இருக்கலாம், தெருவுக்கு நாலு சுப்பிரமணியன் இருக்கலாம்; ஒரு டாட் காம் பெயர் இரண்டு பேருக்குக் கிடையாது. முதலில் கேட்டவருக்குப் பெயர். வருஷத்துக்கு ஆயிரம் ரூபாயோ கொஞ்சம் கூடவோ கட்டிக்கொண்டு வந்தால் அது அவரிடமே இருக்கும். ஒரேயடியாகப் பத்து வருஷத்துக்கு மேல் முன்பணம் கட்ட விடமாட்டார்கள். எல்லோரும் சொந்தம் என்று பேசுகிறார்கள், உண்மையில் குத்தகைதான். குத்தகையைக் கை மாற்றிக் கொடுக்கலாம் என்பதால் ஒரு சந்தை ஏற்பட்டிருக்கிறது.

என்னிடமும் ஒரு பெயர் இருக்கிறது. 2008-ல் நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு சிறு பத்திரிகை தொடங்கினோம். அச்சில் 500 பிரதி. இணையத்தில் எல்லோருக்கும் இலவசம். சிறு பத்திரிகைகளின் ஜாதகப்படி அது ஒன்பது வருஷம் நடந்து நின்றது. பெயர் என்ன என்று இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் இந்தக் கட்டுரையும் ஓர் ஏல விளம்பரமாகிவிடும். நாலெழுத்துத் தமிழ்ச் சொல், அதில் ஒரு ழகரம் உண்டு என்பது வாசகருக்குப் போதும். பத்திரிகை நின்றபோது அச்சகத்துக்கு 41,000 ரூபாய் பாக்கி. அச்சக முதலாளி நல்ல மனிதர், கேட்கமாட்டார். வழியில் பார்த்தால் என்ன எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று விசாரிப்பார். கேட்காதவருக்குக் கொடுக்க வேண்டிய கடன்தான் ரொம்பவும் உறுத்துகிறது. பத்திரிகையின் சொத்து என்று மிச்சமிருந்தது பெயர் ஒன்றுதான். அதை விற்றுக் கடனை அடைக்கலாமா என்று மற்ற இருவருக்கும் எழுதினேன். தாராளமாக என்றார்கள். பெயர்களுக்கென்றே இணையத்தில் ஏலக்கடை நடத்துகிற ஒரு நிறுவனத்திடம் சரக்கை இறக்கினேன்.

ஏலக்கடையில் ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஏழெட்டு வரி விளம்பரம் இருக்கும். விற்பவரே எழுத வேண்டும். இந்த ஏழெட்டு வரிகளுக்கு வெண்பாவைப்போலக் கறாரான இலக்கணம் இருக்கிறது. முதல் வரியில் 'பிரீமியம்' என்ற சொல் வந்தாக வேண்டும். விலை அதிகம் கேட்கிறேன் என்று அதற்கு அர்த்தம். இரண்டாவது வரியில் 'பிராண்டபிள்'. எந்தப் பாஷையிலும் அர்த்தமில்லாத சொல் இது என்று அதற்கு அர்த்தம். அப்புறம் வயசு. பதினைந்து வருஷப் பெயர், இருபது வருஷப் பெயர் என்று பெருமையாகப் போடுகிறார்கள். பழைய அரிசிக்கு நம் மண்டிகளில் விலை கூட அல்லவா, அந்த மாதிரி. கடைசி வரி எப்பொழுதும் எதிர்காலத்தில் இருக்கும். இந்தப் பெயரில் நீங்கள் பல் ஆஸ்பத்திரி நடத்தலாம், காப்பிக் கடை திறக்கலாம், கல்யாணத் தரகு செய்யலாம் என்று ஒரு சொர்க்க வர்ணனை. இந்த இலக்கிய வகையில் 'நீங்கள்' என்ற ஒரே ஒரு பாத்திரம்தான் உண்டு. அவருக்குக் கடந்த காலம் கிடையாது. தோல்வி கிடையாது. கையில் பணம் இருக்கிறது, தொழில்தான் இன்னும் நிச்சயமாகவில்லை.

கேலிக்காக மட்டும் சொல்லவில்லை. இந்த வியாபாரிகளில் சிலருக்கு நல்ல செவி இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இரண்டு அசை, கடைசியில் உயிரெழுத்து, நடுவில் நாக்கு தடுக்காத ஒரு மெய் என்று எங்கிருந்தோ ஒரு சொல்லை உருட்டி எடுத்துவிடுகிறார்கள். எந்த நாட்டுக்காரன் சொன்னாலும் சிதையாமல் வருகிறது. என் நாவல் ஒன்றில் வருகிற ஒரு கிழவிக்குப் பெயர் வைக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் ஆயிற்று. அவள் பிறந்த ஊர், ஜாதி, அவள் அப்பாவின் இஷ்ட தெய்வம், அந்தத் தலைமுறையில் வைத்த பெயர்கள் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டியிருந்தது. பெயர் வியாபாரி இது எதையும் பார்க்காமல் ஒரு நாளைக்கு நாற்பது பெயர் செய்கிறான். அவனுடைய பெயர்கள் காதுக்கு நன்றாகத்தான் இருக்கின்றன. பெட்டியிலிருந்து எடுத்த புது வேஷ்டி மாதிரி மொடமொடவென்று இருக்கின்றன. யாரும் கட்டிக்கொண்டதில்லை, அதனால் யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம்.

இதற்கு நேர் எதிர் வகையும் உண்டு. எல்லோரும் கட்டிக் கட்டிப் பழசான சொற்கள். அகராதிச் சொற்கள் என்று அவற்றைச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் தொழில் என்று பொருள்படும் 'பிஸினஸ்' டாட் காமுக்கு 1999-ல் 75 லட்சம் டாலர் கொடுத்தார்கள். குரல் என்று பொருள்படும் 'வாய்ஸ்' டாட் காமை 2019-ல் மைக்ரோஸ்ட்ராட்டஜி என்ற கம்பெனி 3 கோடி டாலருக்கு விற்றது. ஒரு பாஷை பேசுகிற அத்தனை பேரும் பல நூற்றாண்டுகளாகப் பேசிப் பேசி உண்டாக்கின சொல்லுக்கு, அதை முதலில் போய் எழுதிவைத்துக்கொண்ட ஒருவருக்கு 3 கோடி டாலர். அந்தச் சொல்லை உண்டாக்கினவர்களுக்கு ஒரு தம்பிடி பங்கு இல்லை. இருக்கவும் முடியாதுதான்.

என் விளம்பரத்தை நான் இலக்கணம் மீறித்தான் எழுதினேன். இது இன்ன பொருளுள்ள தமிழ்ச் சொல், இந்தப் பெயரில் ஒன்பது வருஷம் ஓர் இலக்கியப் பத்திரிகை நடந்தது, இன்னின்னார் எழுதினார்கள் என்று உள்ளதை உள்ளபடி நாலு வரி. ஏலக்கடையிலிருந்து மறு நாளே பதில் வந்தது. மரியாதையான பதில். பொருளை எடுத்துவிடுங்கள், பத்திரிகையை எடுத்துவிடுங்கள், எழுதினவர்களை எடுத்துவிடுங்கள். வாங்குகிறவர் தம் மனத்தில் தாமே ஒன்றைக் கற்பனை செய்துகொள்ள இடம் விட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். வாசகருக்கு இடம் விட்டு எழுதுங்கள் என்று இளம் எழுத்தாளர்களுக்கு முப்பது வருஷமாக நான் சொல்லிவந்த உபதேசம், எனக்கே திரும்பி வந்துவிட்டது. அவர்களே திருத்தி அனுப்பிய பிரதியில் பத்திரிகையைப் பற்றிய எல்லாம் போய்விட்டிருந்தது. இரண்டு விஷயங்களை மட்டும் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். ஒன்று, பெயரின் வயசு. மற்றொன்று, எத்தனை வெளித் தளங்களிலிருந்து இந்த விலாசத்துக்கு இணைப்பு இருக்கிறது என்ற எண்ணிக்கை. அந்த எண்ணிக்கையை அவர்களாகவே எண்ணியிருந்தார்கள். ஏன் அத்தனை சிரமம் எடுத்துக்கொண்டார்கள் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

மதிப்புப் போடுவதற்கு ஒரு யந்திரம் வைத்திருக்கிறார்கள். பெயரைக் கொடுத்தால் ஒரு கணத்தில் விலை சொல்லும். எழுத்துக்கள் எத்தனை, அகராதியில் இருக்கிறதா, இதைப் போன்ற பெயர்கள் முன்னால் என்ன விலைக்குப் போயின என்று பார்க்கிறதாம். எங்கள் பெயரைக் கொடுத்தேன். அதன் முதல் மூன்று எழுத்துக்கள் ஆங்கிலத்தில் வாணலியைக் குறிக்கிற சொல்லாக அமைந்துவிட்டன. ஆகவே சமையல், வீட்டுச் சாமான் என்ற பிரிவில் போட்டுவிட்டு, மிச்ச எழுத்துக்கள் விலையைக் குறைக்கின்றன என்று சொல்லி 340 டாலர் மதிப்புப் போட்டது. விலையைக் குறைத்த மிச்சத்தில்தான் எங்கள் ழகரம் இருந்தது. ழகரத்தை ஆங்கிலத்தில் இஸட், எச் என்று இரண்டு எழுத்தாலும் எழுதலாம், எல் என்று ஒன்றாலும் எழுதலாம். தமிழன் தன் பாஷையின் பெயரையே மூன்று விதமாக ஆங்கிலத்தில் எழுதுகிறான். காதால் கேட்டு ஒரே விதமாக எழுத முடியாத பெயருக்கு இந்தச் சந்தையில் மார்க் கிடையாது. யந்திரத்தை நான் குறை சொல்ல மாட்டேன். மதிப்புரை எழுதுகிறவர்களில் முதல் மூன்று எழுத்தோடு நிறுத்திக்கொள்கிறவர்களை எனக்குத் தெரியும்.

அப்படியானால் தமிழ் எழுத்திலேயே பெயரை வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். வைத்துக்கொள்ளலாம். டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் என்று தமிழ் எழுத்திலேயே முடிகிற விலாசங்கள்கூட இருக்கின்றன. ஆனால் உள்ளே யந்திரம் ஆங்கில எழுத்துக்களைத்தான் அறியும். தமிழ்ப் பெயரை அது எக்ஸ், என், அப்புறம் இரண்டு சிறு கோடு என்று தொடங்கும் ஒரு சங்கேதமாக மாற்றி வைத்துக்கொள்கிறது. ஏலக்கடையின் பட்டியலில் தமிழ்ப் பெயர்களை அந்தச் சங்கேத வேஷத்திலேயே பல முறை பார்த்தேன். கேட்பாரில்லை. தமிழர்களே தமிழில் தட்டி ஒரு விலாசத்தைத் திறப்பதில்லை என்பதை வியாபாரிகள் நம்மைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

இந்தச் சந்தை எப்படி ஏற்பட்டது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் அமெரிக்காவில் பெயர்கள் இலவசமாகத்தான் கிடைத்தன. 1995 செப்டம்பரில்தான் இரண்டு வருஷத்துக்கு 100 டாலர் என்று கட்டணம் வந்தது. அதற்கு முந்தின வருஷம் ஜோஷுவா க்விட்னர் என்ற பத்திரிகையாளர், மெக்டொனால்ட்ஸ் என்ற பலகாரக் கம்பெனியின் பெயரை அந்தக் கம்பெனியே பதிவு செய்து வைக்கவில்லை என்று கண்டுபிடித்துத் தம் பெயரில் பதிவு செய்துகொண்டார். கம்பெனிக்கு அவரே சொல்லியும் அனுப்பினார். கடைசியில் நியூயார்க்கில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு இணைய வசதி செய்ய 3,500 டாலர் கொடுத்த பிறகு பெயரை விட்டுக்கொடுத்தார். தமக்கென்று ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. அந்தக் காலத்தில் இது ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது.

வேடிக்கை சீக்கிரம் முடிந்தது. அதே 1994-ல் கேரி க்ரெமென் என்பவர் செக்ஸ் டாட் காம் என்ற பெயரைப் பதிவு செய்தார். மறு வருஷம் ஸ்டீபன் கோஹன் என்பவர் ஒரு பொய்க் கடிதத்தைக் காட்டி அதைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டுவிட்டார். பதிவு செய்கிற கம்பெனி உரியவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோர்ட்டுக்குப் போனார்கள். பெயரைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, ஆறரைக் கோடி டாலர் நஷ்ட ஈடும் விதித்தார்கள். பிரதிவாதி மெக்ஸிகோவுக்கு ஓடிவிட்டார். 2003-ல் மேல் கோர்ட்டு, டொமைன் பெயர் என்பது களவு போகக்கூடிய ஒரு சொத்துத்தான் என்று தீர்ப்பளித்தது. கையால் தொட முடியாத ஒன்றைத் திருட முடியும் என்று அன்றைக்கு நிச்சயமாயிற்று. அந்தப் பெயர் 2010-ல் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு மறுபடியும் விலைபோயிற்று.

எனக்குப் பிடித்த வழக்கு வேறு. ஊஸி நிஸான் என்று ஒருவர் அமெரிக்காவில் வட கரோலினாவில் இருந்தார். நிஸான் அவர் குடும்பப் பெயர். யூதப் பஞ்சாங்கத்தில் ஒரு மாதத்தின் பெயரும் அதுதான். ஜப்பானிய நிஸான் கம்பெனி அமெரிக்காவில் தன் கார்களை டாட்ஸன் என்ற பெயரில் விற்றுக்கொண்டிருந்த காலத்திலேயே இவர் தம் தொழிலைத் தம் பெயரில் நடத்திவந்தார். 1994-ல் தம் கம்ப்யூட்டர் கடைக்காக நிஸான் டாட் காமைப் பதிவு செய்தார். 1999-ல் கார்க் கம்பெனி வழக்குப் போட்டது. வருஷக்கணக்கில் இழுத்தது. மனிதர் 2020-ல் இறந்துபோகிறவரை பெயரை விட்டுக்கொடுக்கவில்லை. இந்தக் கதையை யாராவது நாவலாக எழுதியிருந்தால், பிரதிவாதிக்கும் வாதிக்கும் ஒரே பெயர் வைத்தது செயற்கை என்று நானே குறை சொல்லியிருப்பேன்.

நம் பக்கத்து வழக்கு ஒன்றும் உண்டு. சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே என்ற கம்பெனி தன் பெயரின் துண்டுகளைச் சேர்த்து 'சிஃபி' என்று ஒரு சொல்லை உண்டாக்கியிருந்தது. இன்னொரு கம்பெனி ஓர் எழுத்தைக் கூடச் சேர்த்து ஏறக்குறைய அதே பெயரைப் பதிவு செய்தது. தமிழில் எழுதினால் அந்த ஓர் எழுத்து வித்தியாசம்கூடத் தெரியாது. எங்கள் ஐந்து கூட்டாளிகளின் பெயர்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்தால் இந்தச் சொல் வருகிறது என்று அவர்கள் விளக்கம் சொன்னார்கள். கதாசிரியன் என்ற முறையில் அந்த விளக்கத்தை நான் ரஸித்தேன். சுப்ரீம் கோர்ட் ரஸிக்கவில்லை. டொமைன் பெயர் வெறும் விலாசமல்ல, ஜனங்கள் அதை நம்பி வருகிறார்கள், ஆகவே அது பாதுகாக்கப்பட வேண்டியது என்று 2004-ல் முடிவு செய்தது.

ஜனங்கள் நம்பி வருகிறார்கள் என்பதுதான் விஷயம். ஒரு பெயருக்குப் பின்னால் ஒருவர் இருக்கிறார், அவரைத் தேடி மற்றவர்கள் வருகிறார்கள் என்று கோர்ட்டுகள் நினைக்கின்றன. சந்தையும் அதைத்தான் நினைக்கிறது. ஆனால் பின்னால் இருந்தவர் போய்விட்ட பிறகும் தேடி வருகிறவர்கள் வந்துகொண்டிருப்பார்கள் என்ற ஓர் உண்மையைச் சந்தை கூடுதலாகக் கண்டுபிடித்திருக்கிறது.

என் ஏலம் ஏழு நாள். ஆரம்ப விலை 200 டாலர். இதற்குக் கீழே கொடுப்பதில்லை என்று விற்பவர் ரகசியமாக ஒரு விலை வைக்கலாம். நான் 600 வைத்தேன். ஏலக்கடையின் கமிஷன் 20 சதவிகிதம் போனால் அச்சகக் கடனுக்கு ஏறக்குறைய சரியாக வரும். மூன்று நாள் யாரும் கேட்கவில்லை. நாலாம் நாள் ஒருவர் 200-க்குக் கேட்டார். இன்னொருவர் 210 என்றார். நம் ஊர்ப் புளியமர ஏலத்தில் கேட்கிறவர் முகத்தைப் பார்க்கலாம். அவருக்கு மரம் வேண்டுமா, பங்காளியை மடக்க வேண்டுமா என்று தெரிந்துவிடும். இங்கே முகம் கிடையாது. ஓர் எண், அவ்வளவுதான். கடைசி ஐந்து நிமிஷத்தில் யாராவது கேட்டால் இன்னும் ஐந்து நிமிஷம் நீளும். ஒரு தரம், இரண்டு தரம் என்று கூவி மூன்றாம் தரத்துக்கு முன்னால் சற்று நிற்பார்களே, அந்த நிறுத்தலை யந்திரமாக்கியிருக்கிறார்கள். தரம் என்ற சொல் ஏலக்காரரிடமும் இருக்கிறது, விமரிசகரிடமும் இருக்கிறது. இரண்டு பேரும் அதை உரக்கச் சொல்கிறார்கள் என்பதைத் தவிர வேறு சம்பந்தம் இருப்பதாக நான் நினைத்ததில்லை.

ஐந்தாம் நாள், கேட்கிறவர்களில் ஒருவரிடமிருந்து ஏலக்கடை மூலமாகக் கேள்விகள் வந்தன. பெயருக்கு என்ன அர்த்தம் என்று அவர் கேட்கவில்லை. எப்படி உச்சரிப்பது என்றும் கேட்கவில்லை. வெளியிலிருந்து வருகிற இணைப்புகளில் சர்வகலாசாலைத் தளங்கள் உண்டா? விக்கிபீடியாவில் உண்டா? அந்த இணைப்புகள் இன்னும் உயிரோடு இருக்கின்றனவா? மூன்றே கேள்விகள். நீங்கள் இந்தப் பெயரில் என்ன நடத்தப்போகிறீர்கள் என்று பதிலுக்கு நான் கேட்டேன். அது இன்னும் தீர்மானிக்கப்படவில்லை என்று பதில் வந்தது.

அன்று ராத்திரி உட்கார்ந்து எங்கள் பத்திரிகையின் பழைய பக்கம் ஒன்றை எடுத்தேன். மற்றச் சிறு பத்திரிகைகள், நண்பர்களின் தளங்கள் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தோம். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பாதிக்கு மேல் திறக்கவே இல்லை. அவை பாக்கியசாலிகள். திறந்தவற்றில் ஒரு கவிதைப் பத்திரிகையின் பெயரில் சீட்டாட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒரு கிராமத்துக் கோயிலின் கும்பாபிஷேகப் பத்திரிகை இருந்த இடத்தில், முதல் ஆட்டத்துக்கு நாங்களே பணம் தருகிறோம் வாருங்கள் என்று அழைப்பு இருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கத்தின் பெயரில் ஆண்மை மாத்திரை விற்றார்கள்.

இதன் சூத்திரம் எளிமையானது. கூகிள் என்ற தேடு யந்திரத்தை 1998-ல் தொடங்கினவர்கள், ஒரு பக்கத்தை எத்தனை பேர், எவ்வளவு மதிப்புள்ளவர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள் என்பதை வைத்து அதன் யோக்கியதையைக் கணக்கிடலாம் என்று கண்டார்கள். நல்ல யோசனைதான், விமரிசனத்தில் நாமும் ஏறக்குறைய அதைத்தான் செய்கிறோம். பெரியவர் ஒருவர் ஒரு புஸ்தகத்தைச் சொன்னால் வாங்கிப் படிக்கிறோம். ஆனால் யந்திரம் சுட்டிய விரலைத்தான் எண்ணுகிறது. விரல் காட்டிய இடத்தில் குடியிருந்தவர் மாறிப்போனால் அது விரலுக்குத் தெரியாது. புதிதாகச் சூதாட்டத் தளம் வைப்பவனை யாரும் சுட்டிக்காட்ட மாட்டார்கள். ஆகவே ஏற்கெனவே நல்லவர்களால் சுட்டப்பட்ட விலாசம் ஒன்றை வாங்கி அதில் குடியேறிவிடுகிறான். கூகிள் கம்பெனியே 2024 மார்ச்சில் இதை ஒரு மோசடி வகையாகப் பெயர் சொல்லித் தன் விதிகளில் சேர்த்தது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை நம் பாராளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டுத் தடுத்தது. ஆடவைக்கிறவர்களில் பலர் கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள்.

என் விளம்பரத்திலிருந்து பத்திரிகையை எடுத்துவிட்டு இணைப்பு எண்ணிக்கையை மட்டும் ஏன் சேர்த்தார்கள் என்பது அன்றைக்கு விளங்கிற்று. விளம்பரம் பெயரை விற்பதாகச் சொல்கிறது. பெயர் ஒரு சாக்கு. வாணலியோ ழகரமோ, வாங்குகிறவருக்கு ஒன்றுதான். அந்த இலக்கிய வகை முழுவதும், எட்டு வரி இலக்கணமும், 'நீங்கள்' என்ற பாத்திரமும், சொர்க்க வர்ணனையும், எண்ணிக்கை என்ற ஒரே ஒரு வரியை நாம் நின்று படிக்காமல் இருப்பதற்காக எழுதப்படுபவை. நல்ல எழுத்து மறைப்பதற்காக எழுதப்படுவதில்லை என்று எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அதை வைத்துத்தான் இந்த விளம்பரங்களைத் தரக்குறைவு என்கிறேன். நடையைப் பொறுத்தவரை பழுதில்லை.

அந்த எண்ணிக்கையில் இருப்பவர்கள் யார்? ஒரு கல்லூரி ஆசிரியை, சிறுகதையைப் பற்றித் தாம் எழுதிய ஆராய்ச்சியின் அடிக்குறிப்பில் எங்கள் இதழ் ஒன்றைக் காட்டியிருக்கிறார். யாழ்ப்பாணத்து வாசகர் ஒருவர் எங்கள் பத்திரிகையில் வந்த ஒரு கவிதையைப் பற்றிச் சண்டை போட்டு எழுதியிருக்கிறார், சண்டையும் இணைப்புத்தான். கவிஞர் ஒருவர் கடைசியாகக் கொடுத்த பேட்டி எங்களிடம் வந்தது. அவர் காலமானபோது எழுதிய அஞ்சலிகளில் பலர் அதைச் சுட்டியிருந்தார்கள். இவர்கள் யாரும் எங்களிடம் பணம் வாங்கவில்லை. எங்களை நம்பி, மற்றவர்களுக்கு வழி சொன்னார்கள். அஞ்சலியைப் படித்துவிட்டு, செத்துப்போன கவிஞரின் பேச்சைக் கேட்கலாம் என்று விரலை வைக்கிற பையனுக்குச் சீட்டுக்கட்டு விரியும். அந்த வழியைத்தான் 600 டாலருக்கு நான் விலை கூறியிருந்தேன்.

ஏலம் 570 டாலரில் நின்றது. என் ரகசிய விலையை எட்டவில்லையாதலால் விற்கக் கடமையில்லை. மறு நாள் ஏலக்கடையிலிருந்து கடிதம். கடைசியாகக் கேட்டவர் 700 வரை தருகிறார், ஒரு பட்டனை அழுத்தினால் போதும், பணத்தை நடுவர் ஒருவர் வைத்திருந்து பெயர் மாறியதும் கொடுப்பார் என்றார்கள். கடன் அடைந்து கையிலும் கொஞ்சம் மிஞ்சும். வேண்டாம் என்று எழுதினேன். நண்பர்களில் ஒருவர் ஆமோதித்தார். இன்னொருவர், செத்த பத்திரிகையின் கற்பைக் காப்பாற்ற உயிரோடு இருக்கிற அச்சகக்காரனுக்குக் கடன் வைப்பது என்ன நியாயம் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்குச் சொல்ல என்னிடம் சரியான பதில் இல்லை, ஆனாலும் விற்கவில்லை.

விற்காமல் இருந்தால் மட்டும் போதாது என்பதுதான் இதில் விசேஷம். வாடகை கட்டுவதை நிறுத்தினால் சில வாரம் பொறுப்பார்கள். அப்புறம் அபராதத்தோடு மீட்க 30 நாள். அதற்கு மேல் 5 நாள். ஆறாவது நாள் பெயர் பொதுவில் விழும். விழுகிற கணத்தில் பிடிப்பதற்கென்றே யந்திரங்களை வைத்துக்கொண்டு பல கம்பெனிகள் காத்திருக்கின்றன. பல சமயம் விழுவதற்கு முன்பே ஏலம் போட்டுவிடுகிறார்கள். ஆக, நான் விற்றாலும் அதே கைதான், விட்டாலும் அதே கைதான். விற்றால் எனக்குக் காசு வரும் என்பதே வித்தியாசம்.

சி. சு. செல்லப்பா 1959-ல் தொடங்கிய 'எழுத்து' 1970-ல் நின்றது. கஷ்டப்பட்டு நடத்தின பத்திரிகை. ஆனால் நின்ற பிறகு அந்தப் பெயரைக் காப்பாற்ற அவர் வருஷந்தோறும் யாருக்கும் வாடகை கட்ட வேண்டியிருக்கவில்லை. பழைய இதழ் ஒன்று இன்றைக்குக் கையில் கிடைத்தால் உள்ளே அவர் போட்டதுதான் இருக்கும். பாரதி பாடல்களின் உரிமையைச் சென்னை அரசாங்கம் 1949-ல் வாங்கிற்று; பிறகு அவை பொதுச் சொத்தாயின. எழுதியதைப் பொதுவாக்கலாம். அதற்கு வழி இருக்கிறது. எழுதினவர் செத்து அறுபது வருஷம் ஆனால் சட்டமே செய்துவிடுகிறது. எழுதியது இருந்த விலாசத்தைப் பொதுவாக்க மட்டும் வழி கிடையாது. அது யாராவது ஒருவருடையதாகவே இருந்தாக வேண்டும். நூலகங்கள் இதைச் செய்யலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நின்றுபோன பத்திரிகைகளின் இதழ்களை வாங்கி அடுக்குவதுபோல விலாசங்களையும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் ஒரு நூலகத்துக்குப் பெரிய செலவல்ல. இரண்டு நூலகங்களுக்கு எழுதியிருக்கிறேன். ஒன்றிலிருந்து, புஸ்தகமாக இருந்தால் அனுப்புங்கள் என்று பதில் வந்தது.

இப்போதைக்குப் பத்து வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டிவிட்டேன். திவசம் கொடுப்பது மாதிரிதான். பிராமணர்களுக்குப் பதில் பதிவுக் கம்பெனி. பழைய இதழ்களையெல்லாம் மறுபடியும் அந்த விலாசத்திலேயே ஏற்றியாயிற்று. அச்சக முதலாளிக்கு மாதம் 3,000 ரூபாய் வீதம் கொடுத்துவருகிறேன். முதல் தவணையை வாங்கிக்கொண்டு, இது எதற்கு என்று நிஜமாகவே கேட்டார், நினைவில்லையாம். கணக்குப் புஸ்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு ரசீது எழுதினார்.

ஏலக்கடையிலிருந்து இன்னும் வாரம் ஒரு கடிதம் வருகிறது. உங்கள் பெயருக்குக் கிராக்கி ஏற்பட்டிருக்கிறது, மதிப்பீட்டு யந்திரம் 340 என்பதை 760 ஆக உயர்த்தியிருக்கிறது என்று போன வாரம் எழுதியிருந்தார்கள். பிரிவை மாற்றவில்லை. சமையல், வீட்டுச் சாமான்தான்.